சென்னை ஏர்போர்ட்ல இறங்கி ஊருக்குள்ள போக எதுல ஏறணும்: வரிசைப்படி முழு வழிகாட்டி

சொந்தக்காரங்களையும் ஃபிரெண்ட்ஸையும் கூப்பிட போய் அரைவல் வாசல்ல நின்னு பாத்ததுல ஒண்ணு நல்லா தெரியுது, வெளிய வந்து திருதிருன்னு முழிக்கிறவங்க எல்லாரும் முதல்ல வண்டியை முடிவு பண்ணிட்டு வர்றவங்கதான். "கேப் புக் பண்ணிக்கலாம்", "மெட்ரோ இருக்காமே"ன்னு வந்துடுவாங்க, அப்புறம் பாத்தா மெட்ரோ ஓடாத நேரமா இருக்கும், இல்ல போற இடத்துக்கு பக்கத்துல ஸ்டேஷனே இருக்காது. போற இடம், வெளிய வர்ற நேரம், கையில இருக்கிற பெட்டி இந்த மூணையும் பாத்தப்புறம்தான் வண்டிய பத்தி யோசிக்கணும். அதனால கீழ இருக்கிற வரிசையிலயே போங்க.

1. போற இடத்தை ஏரியா பேரா இல்லாம தெருவா குறிச்சுக்கோங்க

இது ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி வீட்ல உக்காந்து பண்ற வேலை. "அண்ணா நகர் போறேன்"னா போதாது, அண்ணா நகர் டவர், அண்ணா நகர் கிழக்கு, திருமங்கலம்னு மூணு மெட்ரோ ஸ்டேஷன் அந்த ஏரியாவ சுத்தியே இருக்கு, தப்பான ஸ்டேஷன்ல இறங்கினா திரும்ப ஆட்டோ பிடிக்கணும்.

மேப்ல உங்க தெருவை போட்டு பக்கத்துல எந்த மெட்ரோ ஸ்டேஷன், எந்த லோக்கல் ட்ரெயின் ஸ்டேஷன்னு ரெண்டையும் பாருங்க. நிறைய பேர் மெட்ரோ மட்டும் பாத்துட்டு விட்டுடறாங்க. டி நகரையே எடுத்துக்கோங்க, ஏர்போர்ட்ல இருந்து போற நீல லைன் மெட்ரோ சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டைன்னு அண்ணா சாலையோரமா போகும், பஜாருக்குள்ள வராது. ஆனா லோக்கல் ட்ரெயின்ல மாம்பலத்துல இறங்கினா ரங்கநாதன் தெரு வாசல்லயே நிப்பீங்க. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், சேத்துப்பட்டு எல்லாமே இதே கதைதான், லோக்கல்தான் கிட்ட.

கிரீம்ஸ் ரோடு பக்கம் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு ஆயிரம் விளக்கு மெட்ரோ. திருவல்லிக்கேணி மேன்ஷன் பக்கம்னா அரசினர் தோட்டம் மெட்ரோல இறங்கி சின்னதா ஒரு ஆட்டோ. வடபழனி, அசோக் நகர், கோயம்பேடுன்னா ஆலந்தூர்ல பச்சை லைனுக்கு மாறணும். ஓஎம்ஆர்ல துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் போறவங்க இந்த லைன் எதையும் நம்பாதீங்க, பல்லாவரத்துல இருந்து துரைப்பாக்கத்துக்கு நேரா 200 அடி ரோடு இருக்கு, கேப்ல போறதுதான் புத்திசாலித்தனம்.

2. தரையிறங்குற நேரத்தை விடுங்க, வாசலுக்கு வர்ற நேரத்தை கணக்கு போடுங்க

டிக்கெட்ல 10.15ன்னு போட்டிருக்கும். உள்நாட்டு ஃபிளைட்டா இருந்து செக்-இன் பெட்டி இல்லன்னா பத்தே முக்காலுக்கு வெளிய வந்துடலாம். வெளிநாட்டு ஃபிளைட்னா இமிகிரேஷன், பெல்ட், கஸ்டம்ஸ்னு ஒரு மணி நேரம் சாதாரணமா போயிடும், ஒரே நேரத்துல ரெண்டு மூணு ஃபிளைட் இறங்கிடுச்சுன்னா இன்னும் கூட ஆகும்.

இது ஏன் முக்கியம்னா மெட்ரோ காலையில 5 மணியில இருந்து ராத்திரி 11 வரைக்கும்தான். ராத்திரி 10.15க்கு சிங்கப்பூர்ல இருந்து இறங்குறவர் மெட்ரோவ நம்பி வந்தா மூடின ஸ்டேஷனைத்தான் பாக்கணும். அதே மாதிரி கல்ஃப் ஃபிளைட்ல விடியக்காலை மூணு மூன்றரைக்கு இறங்குறவங்க அவசரப்பட்டு டபுள் ரேட்டுக்கு வண்டி எடுக்குறாங்க, எல்லாம் முடிச்சு வெளிய வரும்போதே நாலரை ஆயிருக்கும், ஒரு காபி குடிச்சா முதல் மெட்ரோ வந்துடும். தனி ஆளா சின்ன பெட்டியோட வர்றவங்களுக்கு இது நல்ல வழி, குழந்தையோட வர்றவங்க தூக்கத்தை கெடுத்துக்காம கேப்ல போங்க.

இன்னொரு கணக்கு, காலையில எட்டுல இருந்து பத்தரை, சாயங்காலம் அஞ்சரைல இருந்து எட்டரை. இந்த நேரத்துல கத்திப்பாரா, கிண்டி, சைதாப்பேட்டை எல்லாம் அடைச்சுக்கும், கேப் மேப்ல 40 நிமிஷம்னு காட்டினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல வச்சுக்கோங்க. ரெண்டாம் கட்ட மெட்ரோ வேலையில பல ரோடு பாதியா சுருங்கி கிடக்குறதும் இதுல சேரும்.

3. பெட்டியையும் ஆளையும் எண்ணுங்க

ஒரு ஆளுக்கு ஒரு ட்ராலி, ஒரு பேக்பேக், இதுதான் ரயிலுக்கு வரம்பு. தனியா ரெண்டு பெரிய பெட்டியோட வந்தீங்கன்னா மெட்ரோல லிஃப்ட் இருக்கு, எப்படியாவது சமாளிக்கலாம், லோக்கல் ட்ரெயின்ல முடியவே முடியாது, ஸ்டேஷன்ல அரை நிமிஷம்தான் நிக்கும், கூட்டத்துல ஒரு பெட்டி உள்ள ஒரு பெட்டி வெளியன்னு ஆயிடும்.

நாலு பேர்னா காசு கணக்கே மாறிடும். மெட்ரோல அதிகபட்ச கட்டணமே 50 ரூபாய்தான், ஆனா நாலு டிக்கெட், அப்புறம் ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு ஆட்டோ, நாலு பேரும் பெட்டியும் ஒரு ஆட்டோல அடங்காம ரெண்டாவது ஆட்டோ. இதெல்லாம் கூட்டிப் பாத்துட்டு கேப் ரேட்டோட ஒப்பிடுங்க. கடைசி ஆட்டோவை கணக்குல விட்டுட்டு "மெட்ரோ சீப்பு"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி.

நாலு பேர், நாலு பெரிய பெட்டின்னா சின்ன கார் புக் பண்ணாதீங்க. பல கார்ல டிக்கில பாதி இடத்தை சிஎன்ஜி சிலிண்டர் பிடிச்சுக்கும், டிரைவர் வந்து பாத்துட்டு முடியாதுன்னு கிளம்பிடுவார். பெரிய வண்டின்னு ஆப்ல தனியா இருக்கும், அதை எடுங்க.

4. பெல்ட் பக்கத்துலயே முடிக்க வேண்டிய வேலைகள்

வெளிய வந்துட்டா திரும்ப உள்ள விடமாட்டாங்க. அதனால பாத்ரூம், தண்ணி, காசு, நெட் எல்லாத்தையும் உள்ளயே முடிச்சுட்டு வாங்க.

நெட்தான் பெரிய சிக்கல். ஏர்போர்ட் வைஃபைக்கு ஓடிபி வரும், இலங்கை மலேசியா நம்பர் வச்சிருக்கவங்களுக்கு ரோமிங் இல்லன்னா அது வராமலே போகலாம். கிளம்புறதுக்கு முன்னாடியே ரோமிங்கோ இ-சிம்மோ போட்டுக்கோங்க. அதுவும் இல்லன்னா ஆப் கேப்பை மறந்துட்டு ஏழாவது பகுதியில இருக்கிற ப்ரீபெய்டு டாக்ஸியை (கவுன்டர்லயே முன்கூட்டி காசு கட்டி எடுக்கிறது) பாருங்க, ஏன்னா ஆப் கேப்ல ஏறுறதுக்கே ஓடிபி சொல்லணும், டிரைவர் ஃபோன் பண்ணுவார், நம்பர் வேலை செய்யலன்னா வண்டி கேன்சல்.

காசு: உள்ள இருக்கிற கவுன்டர்ல மொத்த பணத்தையும் மாத்தாதீங்க, ரேட் வெளிய விட குறைவு. வழிச்செலவுக்கு மட்டும் மாத்தி 100, 50, 10ன்னு சில்லறையா கேட்டு வாங்குங்க. 500 ரூபாய் நோட்டை நீட்டினா "சில்லறை இல்லையேண்ணா"ன்னு சொல்ற ஆட்டோக்காரர்தான் உங்களுக்கு வாய்ப்பார்.

பெட்டி கைக்கு வர்றதுக்கு முன்னாடி கேப் புக் பண்றது அடுத்த தப்பு. பெல்ட்ல லைட் எரிஞ்சதும் புக் பண்ணிடுவாங்க, பெட்டி வர இருபது நிமிஷம் ஆகும், டிரைவர் அதுக்குள்ள வந்து காத்திருந்து வெயிட்டிங் சார்ஜ் ஓடும், இல்ல கேன்சல் ஆகி அதுக்கும் ஒரு காசு. பெட்டி கைக்கு வந்து, கஸ்டம்ஸ் தாண்டி, ஏழாவது பகுதியில சொல்ற பிக்கப் தளத்துக்கு போனப்புறம் புக் பண்ணுங்க.

வாசல் தாண்டினதும் "டாக்ஸி வேணுமா சார், எங்க போகணும்"னு ஒருத்தர் கூடவே நடந்து வருவார், சில நேரம் பெட்டி மேல கையையே வச்சுடுவார். ஊர் பேரை சொல்லாதீங்க, சொல்லிட்டா பேரம் ஆரம்பிச்சுடும். "வண்டி வந்தாச்சு"ன்னு ஒரே வார்த்தை, நடையை நிறுத்தாம போயிட்டே இருங்க.

5. மெட்ரோ

உள்நாட்டு முனையம் டி1, டி4, வெளிநாட்டு முனையம் டி2. மெட்ரோ ஸ்டேஷன் இதுங்களுக்கு நடுவுல, கார் பார்க்கிங் கட்டடத்தை ஒட்டி இருக்கு. போர்டை பாத்து நடங்க, வெயில்ல ரோட்டுக்கு இறங்கி சுத்த வேண்டாம். 2016 செப்டம்பர்ல இருந்து இந்த ஸ்டேஷன் ஓடுது, இன்னமும் பாதி பேர் ஏர்போர்ட்டுக்கு முன்னாடி ஓடுற ஜிஎஸ்டி ரோட்டுக்கு போய் "மெட்ரோ எங்க"ன்னு கேக்குறாங்க.

முதல்ல டிக்கெட். ஃபோன்ல க்யூஆர் டிக்கெட் எடுத்தா 20 சதவீதம் தள்ளுபடி உண்டு, கவுன்டர்லயும் வாங்கலாம். உள்ள போகும்போது பெட்டியை ஸ்கேனர்ல வைக்கணும். எல்லாரும் பெட்டியோட வர்ற ஸ்டேஷன்ங்கிறதால இங்க க்யூ கொஞ்சம் மெதுவாத்தான் நகரும், அஞ்சு பத்து நிமிஷம் கூட வச்சுக்கோங்க.

ஏர்போர்ட் கடைசி ஸ்டேஷன், அதனால சீட் கிடைக்கும், பெட்டியை கதவு பக்கம் வைக்காம கோச்சோட கோடிக்கு தள்ளிடுங்க, ஆலந்தூர்லயும் கிண்டியிலயும் கூட்டம் ஏறும். சென்ட்ரலுக்கு முக்கால் மணி நேரம் வச்சுக்கோங்க, ரோட்ல என்ன நெரிசல் இருந்தாலும் இது மாறாது, மெட்ரோவோட பலமே அதுதான். ராத்திரி 10 மணி வாக்குல வண்டிங்க இடைவெளி கூடிடும், ஒண்ணை விட்டா கால் மணி நேரம் நிக்கணும்.

லைன் மாறுறதுலதான் புதுசா வர்றவங்க தடுமாறுவாங்க. ஆலந்தூர்ல ரெண்டு லைனும் வேற வேற தளத்துல நிக்கும், லிஃப்ட் இல்ல எஸ்கலேட்டர் பிடிக்கணும். பச்சை லைன்லயும் ரெண்டு திசை இருக்கு, ஒண்ணு பரங்கிமலையோட முடிஞ்சுடும், அது உங்களுக்கு வேணாம், கோயம்பேடு வழியா சென்ட்ரல் போறதுல ஏறுங்க. பிளாட்ஃபாரம் போர்டுல கடைசி ஸ்டேஷன் பேரைத்தான் போடுவாங்க, வடபழனின்னு போர்டு தேடினா கிடைக்காது.

6. திரிசூலம் லோக்கல்

ஏர்போர்ட்டுக்கு எதிர்ல ஜிஎஸ்டி ரோடு தாண்டினா திரிசூலம் ஸ்டேஷன். கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு லைன். டிக்கெட் சாதாரண வண்டில அஞ்சு பத்து ரூபாய்தான், 2025 ஏப்ரல்ல இருந்து ஏசி வண்டியும் ஓடுது, அதுல குறைஞ்சபட்சமே 35. சாதா டிக்கெட்டோட ஏசி வண்டில ஏறினா அபராதம், வர்றது எதுன்னு பாத்துட்டு ஏறுங்க.

எழும்பூர் போறவங்களுக்கு என்னைக் கேட்டா இதுதான் முதல் சாய்ஸ். மெட்ரோல போனா ஆலந்தூர்ல மாறணும், இல்ல சென்ட்ரல் போய் அங்க இருந்து ஒரு ஸ்டேஷன் திரும்பி வரணும், லோக்கல்ல மாறாம நேரா எழும்பூர்ல இறங்கிடலாம். தாம்பரம் பக்கம் போறவங்களுக்கும் இதுதான், அந்தப் பக்கம் மெட்ரோவே கிடையாது.

ஆனா ரோட்டை தாண்ட சுரங்கப்பாதை, படி ஏறி இறங்கணும், பெட்டி கனமா இருந்தா அங்கயே மூச்சு வாங்கிடும். ஜிஎஸ்டி ரோட்டை குறுக்க ஓடி தாண்ட நினைக்காதீங்க, வண்டிங்க ஸ்பீடா வரும். காலையில பீக்ல கடற்கரை பக்கம் போற வண்டில பெட்டியோட ஏறவே வேணாம். சாயங்காலம் தாம்பரம் பக்கமும் அப்படித்தான். மத்தபடி மத்தியானம், ஞாயித்துக்கிழமை, ஒத்த பேக்பேக்னா ராஜா மாதிரி போகலாம்.

7. ஆப் கேப், ப்ரீபெய்டு

ஆப் கேப் அரைவல் வாசலுக்கு வரும்னு நினைச்சு அங்கயே நிக்கிறவங்க நிறைய. 2022 டிசம்பர்ல அடுக்குமாடி கார் பார்க்கிங் திறந்ததுல இருந்து ஓலா, ஊபர் பிக்கப்பை அங்க மாத்திட்டாங்க, ஏரோஹப்னு பேரு, பிவிஆர் தியேட்டர் இருக்கிற கட்டடம். உங்களுக்கு எந்த பக்கம், எந்த தளம்னு ஆப்லயே வரும். நடக்க முடியாதவங்களுக்கு பேட்டரி வண்டி விடுறாங்க, வயசானவங்க கூட வந்தா அதுக்கு காத்திருங்க.

இதுல வரிசை: முதல்ல பிக்கப் தளத்துக்கு நடங்க, அங்க போய் புக் பண்ணுங்க. பாதி வழியில புக் பண்ணா ஜிபிஎஸ் உங்கள ரன்வே ஓரத்துல கூட காட்டும், டிரைவர் ஒரு இடம் நீங்க ஒரு இடம்னு ஃபோன்லயே சண்டை நடக்கும். வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டோட கடைசி நாலு எண்ணை பாருங்க, டிக்கியில பெட்டியை வச்சு, உக்காந்து, அதுக்கப்புறம் ஓடிபி சொல்லுங்க. ஃபோன்லயே ஓடிபி கேக்குறவருக்கு சொல்லிட்டீங்கன்னா நீங்க ஏறாமலே மீட்டர் ஓட ஆரம்பிச்சுடும்.

டிரைவர் ஃபோன் பண்ணி "டிராப் எங்க சார், கேஷா ஆன்லைனா"ன்னு கேப்பார். அதுக்கப்புறம் "கேன்சல் பண்ணிடுங்க, நான் அதே ரேட்டுக்கு கூட்டிட்டு போறேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. கேன்சல் பண்ணது நீங்கன்னு ஆயிடும், வண்டியில யார் போறாங்கன்னு எங்கயும் பதிவும் இருக்காது. அவரே கேன்சல் பண்ணட்டும்னு விட்டுட்டு இன்னொரு ஆப்ல தேடுங்க. ரெண்டு ஆப் ஃபோன்ல வச்சிருக்கிறது இதுக்குத்தான், மழை நாள்ல ஒண்ணுல ரேட் டபுளா இருந்தா இன்னொண்ணுல கொஞ்சம் கம்மியா இருக்கும். பார்க்கிங் சார்ஜ் தனியா குடுங்கன்னு கேட்டா பில்லை விரிச்சு பாருங்க, அதுல ஏற்கனவே சேந்திருந்தா ரெண்டாவது தடவை குடுக்க வேண்டியதில்ல.

ப்ரீபெய்டு கவுன்டர் அரைவல் பக்கத்துலயே இருக்கும். ஆப்ப விட கூட ஆகும்தான், ஆனா நெட் வேணாம், ஓடிபி வேணாம், ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆள் இருக்கும். முதல் தடவை வர்ற வயசானவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். ஏரியா பேரை மட்டும் சொல்லாம முழு அட்ரஸ் சொல்லி ரசீதுல எழுத வைங்க, இல்லன்னா போற வழியில "இது அந்த ஏரியா இல்ல, இன்னும் 200 குடுங்க"ன்னு வரும். டிரைவர்கிட்ட குடுக்க வேண்டிய சீட்டை வீட்டு வாசல்ல பெட்டி இறக்கினப்புறம் குடுங்க, ஏறும்போதே குடுத்துடாதீங்க, அது அவர் கையில போயிட்டா உங்ககிட்ட பிடி இல்ல.

8. ஆட்டோ, பஸ்

ஆட்டோ ஜிஎஸ்டி ரோட்ல நிக்கும். 2013ல அரசு வச்ச மீட்டர் ரேட் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12, ராத்திரி 11ல இருந்து காலை 5 வரை ஒன்றரை மடங்கு. 15 கிலோமீட்டருக்கு அந்தக் கணக்குல 183 ரூபாய் வரும். அந்த ரேட்டுக்கு யாரும் வரமாட்டாங்க, பெட்ரோல் விலை அப்போ இருந்த மாதிரியா இருக்கு, ஆனா 600 கேட்டா எவ்வளவு தூக்கலா சொல்றார்னு புரிஞ்சு பேரம் பேச அந்த எண் உதவும். மீனம்பாக்கம், பல்லாவரம், நங்கநல்லூர் மாதிரி கிட்டத்துல போறவங்களுக்குத்தான் ஆட்டோ லாபம், கேப்காரங்க அந்த சின்ன தூரத்துக்கு வரவும் மாட்டாங்க.

பஸ்ஸும் ஜிஎஸ்டி ரோட்லதான். கையில ஒரு பை, அவசரம் இல்ல, ஊர் தெரியும்னா போங்க. மத்தவங்களுக்கு வேணாம்.

9. அங்கிருந்து வெளியூர் வண்டி பிடிக்கிறவங்க

டிக்கெட்ல எந்த ஸ்டேஷன், எந்த பஸ் ஸ்டாண்டுன்னு எழுத்து கூட்டி படிங்க. தெற்கே மதுரை, திருச்சி, நெல்லை போற அரசு பஸ் பெரும்பாலும் 2023 டிசம்பர் கடைசியில திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துல இருந்து. அது ஏர்போர்ட்டுக்கு தெற்கே, வண்டலூர் தாண்டி. இன்னமும் பழக்கத்துல கோயம்பேடு போய் இறங்கிட்டு, வந்த வழியே ஏர்போர்ட்டை தாண்டி திரும்பி போறவங்க இருக்காங்க, ரெண்டு மணி நேரம் வீண். திரிசூலத்துல செங்கல்பட்டு பக்கம் போற லோக்கல் ஏறி வண்டலூர்ல இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிங்க, பெட்டி ஜாஸ்தின்னா நேரா கேப்.

ரயில்ன்னா கோவை, பெங்களூரு பக்கம் பெரும்பாலும் சென்ட்ரல், தெற்கே போறது பெரும்பாலும் எழும்பூர், சிலது தாம்பரத்துல இருந்தே கிளம்பும். எழும்பூர்ல கிளம்புற வண்டி தாம்பரத்துலயும் நின்னா போர்டிங்கை அங்க மாத்திக்கோங்க, திரிசூலத்துல இருந்து இருபது நிமிஷத்துல போயிடலாம். ஆனா மாத்தினப்புறம் எழும்பூர்ல ஏற முடியாது, அதை ஞாபகம் வச்சுக்கோங்க. சென்ட்ரலுக்கு மெட்ரோதான், சுரங்கத்துல இருந்து நேரா ரயில்வே ஸ்டேஷனுக்கு போயிடலாம், ரோடு தாண்ட வேண்டாம்.

ஃபிளைட் இறங்குற நேரத்துக்கும் ரயில் கிளம்புற நேரத்துக்கும் நடுவுல உள்நாட்டுக்கு மூணு மணி, வெளிநாட்டுக்கு நாலு மணி விடுங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழைன்னா இன்னும் கூட, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ ரன்வேயையே மூடினாங்க.

10. வீட்டு ஆள் கார் எடுத்துட்டு வந்தா

அவங்களை முன்னாடியே வாசலுக்கு வரச் சொல்லாதீங்க. பிக்கப் லேன்ல காரை நிறுத்தி வைக்க விடமாட்டாங்க, நேரம் தாண்டினா காசு. ஜிஎஸ்டி ரோட்ல ஒரு டீக்கடை பக்கம் நிக்கட்டும், நீங்க பெட்டியோட வெளிய வந்து தூண்ல இருக்கிற நம்பரை பாத்து ஃபோன் பண்ணுங்க, டி1ஆ டி2ஆ டி4ஆன்னு சேர்த்து சொல்லுங்க. "ஏர்போர்ட் வாசல்ல நிக்கிறேன்"னு மட்டும் சொன்னா அவங்க டிப்பார்ச்சர் பக்கம் மேம்பாலத்துல ஏறிடுவாங்க, ஏறிட்டா முழுசா ஒரு ரவுண்டு சுத்தித்தான் கீழ வரணும்.